தோட்டத்து மரக்கதவைப் புதுப்பிக்கும் முறை

குடியானவர் தமது நிலத்திற்கு எரு இடுவதிலும், நாற்று விடுவதிலும், கிணற்றைத் தூர் வாருவதிலும் காட்டும் சிரத்தையில் நூற்றில் ஒரு பங்கேனும் தோட்டக்கதவின்மேல் காட்டுவதில்லை. வேலி எத்துணை அடர்ந்திருப்பினும், கதவு சாய்ந்த தோட்டம் திறந்த தோட்டமேயாகும். கார்த்திகை மாதத்து மழையிரவில் கீல் கழன்று கதவு விழுமாயின், ஆறு மாத காலம் உழைத்து வளர்த்த காய்கறிப் பாத்தியை நான்கு ஆடுகள் விடியுமுன் தின்று தீர்த்துவிடும். ஒட்டுமா, கொய்யாக் கன்றுகளின் குருத்தை ஒரு முறை மாடு கடித்தால், அவ்வாண்டு வளர்ச்சி முழுவதும் வீணாகும். ஆகவே கதவைப் பேணுதல் அழகுக்காகச் செய்யும் காரியம் அன்று; பயிர்ப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகும்.

இவ்விஷயம் ஏலகிரி போன்ற மலைப் பிரதேசங்களில் தனிக் கவனத்திற்குரியது. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தினின்றும் பிரித்து அமைக்கப்பட்ட திருப்பத்தூர் மாவட்டத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இம்மலை அமைந்துள்ளது. பொன்னேரியினின்றும் ஏறும் பாதை 14 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து மேலே செல்கிறது. கோடையில் கடும் வெயிலும், தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவங்களிலும் மழையும், மார்கழி, தை மாதங்களில் காலை நேரப் பனியும் மாறி மாறி வருவதால் வெளியில் நிற்கும் மரம் நனைவதும் உலர்வதுமாகவே இருக்கும். அன்றியும், புதுக் கதவுக்கு வேண்டிய அறுப்பு மரத்தையும் ஆணி, கீல் முதலியவற்றையும் கீழிருந்து ஏற்றிக் கொணர வேண்டுமாயின் வண்டிச் செலவும் சேரும். உள்ள கதவைச் செப்பனிட்டு மேலும் பல ஆண்டுகள் உழைக்கச் செய்வதே சிக்கனமாகும்.

முற்காலத்தில் மூங்கிற் பிளாச்சும் முள்ளும் கொண்டு கட்டிய படலே பெரும்பாலான தோட்டங்களுக்குக் கதவாயிருந்தது. படல் ஒன்றிரண்டு ஆண்டுகளில் மக்கிவிடும். அதை எறிந்துவிட்டுப் புதிது கட்டுவர். பலகைக் கதவு அத்தகையதன்று. அதற்குப் பராமரிப்பு உண்டு. பராமரித்தால் ஒரு தலைமுறைக்கு நிற்கும்.

சாம்பல் நிறம் வியாதி அன்று

வெயிலிலும் மழையிலும் நின்ற மரம் சில ஆண்டுகளில் நிறம் மங்கிச் சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. இதைக் கண்டவுடன் மரம் உளுத்துவிட்டது என்று எண்ணுவது தவறு. மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கும் லிக்னின் என்னும் பொருளைச் சூரிய ஒளி சிதைக்கிறது. சிதைந்த பகுதியை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய நார் வெளுத்து, அதன்மேல் நுண்ணிய பூஞ்சணம் படிவதால் சாம்பல் நிறம் உண்டாகிறது. இம்மாறுதல் மேற்புறத்தில் மெல்லிய படலமாகவே நிற்கும். ஊசியிலை மரங்களில் இவ்விதம் தேய்வது நூறாண்டுகளில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் அளவே என்று அமெரிக்க ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர்.

மரத்தை உண்மையில் அழிப்பது உளுப்புக் காளான். அதற்கு உணவு மரம். ஆனால் நீரின்றி அது வாழாது. மரத்தின் உலர் எடையில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கிற்குக் கீழே இருக்குமளவும் காளான் தலையெடுப்பதில்லை. ஆகவே கதவின் வியாதியை நிறத்தில் தேடலாகாது. நீர் தங்கும் இடங்களில் தேடவேண்டும். பலகையின் அறுத்த முனை, சட்டங்கள் கூடும் பொருத்துவாய், கீழ்ச் சட்டத்தின் மேல்விளிம்பு, ஆணித்துளை, மண்ணைத் தொடும் நிலைக்காலின் அடி ஆகிய ஐந்து இடங்களே அவை.

முதலில் பரிசோதனை

வர்ணம் வாங்கப் புறப்படுமுன், கூரிய குத்தூசி ஒன்றைக் கொண்டு மேற்கூறிய ஐந்து இடங்களிலும் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி சிறிதளவே இறங்கித் தடைபட்டால் மரம் நல்லது. வெண்ணெயில் இறங்குவதுபோல் அரை அங்குலம் இறங்கினால் அவ்விடம் உளுத்தது. ஊசியால் நெம்பும்போது நீண்ட சிம்பாகப் பெயர்வது நல்ல மரத்தின் அடையாளம். பொடிந்து சிறு கட்டிகளாக உதிர்வது கெட்ட மரத்தின் அடையாளம்.

கதவு எந்த மரத்தாலாயது என்பதையும் அறிதல் நலம். டேராடூனில் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார், பலவகை மர முளைகளை மண்ணில் புதைத்து அவை எத்தனை மாதம் தாங்குகின்றன என்று சோதித்து வந்துள்ளனர். இந்நாட்டில் இத்தகைய சோதனையில் சராசரி 120 மாதத்திற்கு மேல் தாங்குபவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை தாங்குபவை இரண்டாம் வகுப்பு. அதற்கும் குறைந்தவை மூன்றாம் வகுப்பு. தேக்கு முதல் வகுப்பு. மா மூன்றாம் வகுப்பு. இவ்வளவும் வயிரம் பாய்ந்த உட்கட்டைக்கே பொருந்தும். வெளிப்புறத்து வெண்கட்டை தேக்கினுடையதாயினும் விரைவில் உளுத்துவிடும். கதவில் ஒரே பலகையின் ஒரு விளிம்பு மட்டும் மக்கியிருப்பின், அது பெரும்பாலும் வெண்கட்டைப் பகுதியேயாகும்.

பழைய வர்ணம் இருப்பின்

கதவில் பழைய எண்ணெய் வர்ணம் உரிந்து நிற்குமாயின் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. இந்தியாவில் வீட்டு உபயோக வர்ணங்களில் ஈயம் பத்து லட்சம் பங்கில் 90 பங்கிற்கு மேற்படலாகாது என்னும் விதி 2016ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டு, 2017 நவம்பர் முதல் அமலுக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வர்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூசி உடலுக்குக் கேடு. சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பெரிதும் பாதிக்கும். ஆகையால் கதவை நீரால் நனைத்து ஈரத்துடனேயே சுரண்ட வேண்டும். நெருப்புச் சுடர் காட்டி உரித்தல் கூடாது. அடியில் சாக்கோ தார்ப்பாயோ விரித்து, விழும் செதிள்களைச் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும். கீரைப் பாத்தியின் அருகில் இவ்வேலையைச் செய்வது மிகவும் தவறு.

கழுவுதலும் உலர்த்துதலும்

மழை ஓய்ந்து பனியும் குறைந்த மாசி, பங்குனி மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை. கதவைக் கீலினின்றும் கழற்றி, இரண்டு மரத்தாங்கிகளின்மேல் கிடத்த வேண்டும். நின்ற நிலையில் வேலை செய்தால் கீழ்விளிம்பும் அறுத்த முனைகளும் கைக்கு எட்டாமற் போகும். கவனம் மிகவும் வேண்டிய இடங்கள் அவையே.

தென்னை நார்த் தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு மரத்தின் நாரோட்டத்தின் வழியே தேய்த்துப் பாசியையும் பூஞ்சணத்தையும் அகற்றலாம். பின்னர் நல்ல நீரால் இருமுறை அலச வேண்டும். பிளீச்சிங் பவுடரை அளவின்றிக் கரைத்து ஊற்றுதல் நாரைக் கெடுக்கும். இரும்புக் கம்பித் தூரிகையும் ஆகாது. அதன் காரணம் இப்பகுதியினர் எளிதில் உணரக்கூடியது. ஆவாரம்பட்டைச் சாற்றில் தோல் பதனிடும் தொழில் வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களில் நெடுங்காலம் ஓங்கியிருந்தது. பட்டைச் சாற்றில் ஊறிய தோலில் இரும்பு பட்டால் கருநீலக் கறை விழும் என்பதைத் தோல் தொழிலாளர் நன்கறிவர். பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தேக்கு முதலிய பல மரங்களிலும் உண்டு. தூரிகையினின்றும் முறிந்து மரத்தில் சிக்கிய இரும்புத் துணுக்குகள் அடுத்த மழையில் அத்தகைய கறையையே உண்டாக்கும். பழைய ஆணிகளைச் சுற்றிக் காணும் கருவளையமும் இதனால் நேர்வதே.

கழுவிய கதவைக் காற்றோட்டமுள்ள நிழலில் நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாள் வரை உலரவிட வேண்டும். கடும் வெயிலில் கிடத்தினால் பலகைகள் வளையும். உலர்ந்த பின், 80 இலக்க உப்புத்தாளாலும், பிறகு 120 இலக்க உப்புத்தாளாலும் நாரோட்டத்தின் வழியே இலேசாகத் தேய்த்தால் சாம்பற்படலம் நீங்கி மரத்தின் இயற்கை நிறம் தோன்றும். கண்ணாடிபோல் வழவழப்பாக்க வேண்டியதில்லை. வழவழப்பு மிகுந்தால் எண்ணெய் உட்புகுதல் குறையும். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுதல் நன்று.

உளுத்த பகுதியைச் செப்பனிடுதல்

உளுத்த இடத்தில் மெழுகோ மாவோ அடைத்து மேலே வர்ணம் பூசுவது புண்ணின்மேல் பட்டுத்துணி போர்த்துவது போலாகும். உளுப்பை உளியால் வெட்டி எடுத்து, நல்ல மரம் தோன்றுமளவும் செல்ல வேண்டும். அதற்கு அப்பாலும் ஓரிரண்டு அங்குலம் வெட்டி அகற்றுதல் பாதுகாப்பு. அவ்விடத்தில் அதே வகை மரத்தின் வயிரத்துண்டைச் சாய்வாக இணைத்து, நீர் தாங்கும் பசையிட்டு, மர ஆணியால் இறுக்க வேண்டும். இரும்பாணி அடிக்கும் இடங்களில் துத்தநாகப் பூச்சிட்டதையோ பித்தளைத் திருகாணியையோ உபயோகித்தால் துருவும் கறையும் வாரா.

கதவு தாழ்ந்து தரையில் இழுபடுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாய்வுச் சட்டம் இன்மையோ, அது தலைகீழாக அமைந்திருத்தலோ ஆகும். மரத்தாலான சாய்வுச் சட்டத்தின் அடிமுனை கீல் பக்கத்துக் கீழ்மூலையிலும், மேல்முனை தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலையிலும் பொருந்த வேண்டும். அப்பொழுதே கதவின் பாரம் சட்டத்தின் வழியாகக் கீழ்க்கீலுக்கு இறங்கும். எதிர்மூலைகளில் வைத்தால் பாரம் சட்டத்தைப் பொருத்தினின்றும் பிரித்து இழுக்கும். கதவு ஈராண்டில் மீண்டும் தாழும்.

சட்டங்களின் மேல்விளிம்புகள் தட்டையாயிருப்பின் இழைப்புளியால் சிறிது சாய்வாக இழைத்துவிட்டால் மழைநீர் நில்லாது வழிந்தோடும். கதவின் அடிக்கும் தரைக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். இவ்விடைவெளியால் ஈரம் ஏறாது; கறையான் தன் மண்குழாயைக் கட்டி ஏறுமாயினும் கண்ணுக்குத் தென்படும்.

நிலைக்கால் மரமாயின் அதன் அடியைச் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணைத் தோண்டிப் பார்த்தல் அவசியம். தரைமட்டத்தை ஒட்டிய பாகமே முதலில் மக்கும். சிமெண்டுக் காரையிட்டு நட்ட காலாயின், காரையின் மேற்புறம் காலைச் சுற்றிப் பள்ளமாக இல்லாமல் வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையேல் அது நீர் தேங்கும் கிண்ணமாகிவிடும். கருங்கல் தூண் கிடைக்கும் இடங்களில், கல்லையே நிலைக்காலாக நட்டு அதில் கீலைப் பதித்தல் எல்லாவற்றினும் மேலான உபாயம். கல் உளுக்காது; கறையானும் தீண்டாது.

எண்ணெய் ஊட்டுதல்

பதனிட்ட தோலுக்கு இறுதியில் எண்ணெய் ஊட்டாவிடில் அது விறைத்து வெடிக்கும். மரக்கதவும் அத்தன்மையதே. வெளியில் நிற்கும் கதவுக்குத் தடித்த வர்ணத்தைக் காட்டிலும் உட்புகும் எண்ணெயே ஏற்றது. தடித்த வர்ணம் வெடித்தவுடன் நீர் உட்புகும். புகுந்த நீர் வெளியேற வழியின்றி வர்ணத்தின் அடியில் தங்கி உளுப்பை வளர்க்கும். எண்ணெய் மரமோ தேய்ந்துபோகுமேயன்றி உரியாது. மேலே மீண்டும் பூசினால் போதும்.

எல்லா எண்ணெயும் இதற்கு உதவா. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகும் தன்மையுடையது. வர்ணக் கடைகளில் இதனை லின்சீட் எண்ணெய் என்பர். தேங்காய், கடலை, வேப்பெண்ணெய் ஆகியவை இவ்வாறு இறுகுவதில்லை. பிசுபிசுப்பாகவே நின்று தூசியையும் எறும்பையும் சேர்க்கும். மோட்டார் வண்டியினின்றும் வடித்த கழிவெண்ணெயைப் பூசும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அது காளானைத் தடுப்பதில்லை. அதிலுள்ள உலோகக் கழிவுகளும் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களும் மழையோடு இறங்கித் தோட்டத்து மண்ணில் சேரும். காய்கறி விளையும் நிலத்தில் அதனை ஒருபோதும் அனுமதித்தல் கூடாது.

பூசும் முறை வருமாறு:

1. முதற்பூச்சிற்கு ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் சமபாகம் கலந்துகொள்க. நீர்த்த எண்ணெய் ஆழமாக இறங்கும்.

2. அறுத்த முனைகளுக்கு முதலில் பூசுக. அவை பலகையின் முகத்தைவிடப் பன்மடங்கு விரைவாக உறிஞ்சும். அவை குடிப்பது நிற்குமளவும் திரும்பத் திரும்ப ஊட்டுக.

3. அரைமணி நேரங் கழித்து, உட்புகாது மேலே நிற்கும் எண்ணெயைத் துணியால் முற்றும் துடைத்துவிடுக. துடைக்காவிடில் அது பிசினாக நின்று பூஞ்சணத்திற்கு இடமாகும்.

4. இரண்டு மூன்று நாள் இடைவெளியில், டர்பன்டைனைக் குறைத்து இரண்டாம் பூச்சும், எண்ணெய் மாத்திரம் கொண்டு மெல்லிய மூன்றாம் பூச்சும் இடுக.

5. இரண்டாம் பூச்சில் சிறிது செங்காவிப் பொடியைக் குழைத்துச் சேர்த்தால் வெயிலின் கொடுமை குறையும்.

நான்கடிக்கு நான்கடியான கதவுக்கு இரு புறமும் மும்முறை பூச ஏறத்தாழ ஒரு லிட்டர் எண்ணெய் போதும். செங்காவி என்பது இரும்பின் துருவோடு ஒத்த பொருள். ஒளியைத் தடுத்து மரநாரைக் காக்கும். ஸ்வீடன் தேசத்தில் பாலூன் என்னும் ஊரின் செப்புச் சுரங்கத்து மண்ணினின்றும் கிடைத்த செந்நிறப் பொடியைக் கொண்டு மர வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் பூசும் வழக்கம் நூற்றாண்டுகளாக நிலைத்துள்ளது. நம்மூர்க் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் காவியும் அக்குணமுடையதே.

இங்கு மறக்கலாகாத அபாயம் ஒன்றுண்டு. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி இறுகும்பொழுது உஷ்ணத்தை வெளிப்படுத்தும். அத்துணிகளைக் கசக்கிக் குவித்து மூலையில் எறிந்தால், உஷ்ணம் வெளியேற வழியின்றி, நெருப்பு வைக்காமலே அவை தாமாகத் தீப்பற்றும். வைக்கோற்போரும் தட்டைக் கொட்டகையும் உள்ள இடத்தில் இதன் விளைவைச் சொல்ல வேண்டுவதில்லை. வேலை முடிந்தவுடன் துணிகளை நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும். அல்லது திறந்தவெளியில் ஒவ்வொன்றாக விரித்து முற்றும் உலர்த்திய பிறகே எறிய வேண்டும்.

மருந்தேற்றிய மரம் பற்றிய எச்சரிக்கை

மரத்தைக் காளானினின்றும் கறையானினின்றும் காக்கத் தாமிரம், குரோமியம், பாஷாணம் ஆகியவற்றின் உப்புக்களை ஏற்றும் முறையை 1933ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் கண்டறிந்தவர் சோந்தி காமேசம் என்னும் இந்தியரே. ஆஸ்கு என்னும் பெயரால் அது உலகெங்கும் பரவியது. மண்ணில் நிற்கும் மரத்தின் ஆயுளை அது பன்மடங்கு நீட்டித்தது உண்மை. எனினும் பாஷாணம் சிறிது சிறிதாக மண்ணில் இறங்குவதை முன்னிட்டு, அமெரிக்காவில் வீட்டு உபயோகத்திற்கு இம்மரத்தை விற்பது 2003ஆம் ஆண்டின் இறுதியோடு பெரும்பாலும் நின்றது. இளம்பச்சை நிறமோடிய பழைய மருந்தேற்றிய மரம் கதவிலோ காலிலோ இருப்பின் அதைத் தேய்த்துத் தூசி எழுப்பலாகாது. அடுப்பில் எரிப்பதும் கூடாது. புகையும் சாம்பலும் நஞ்சு. அச்சாம்பலை எருக்குழியில் இடுதல் அதனினும் பெருந்தீங்கு.

ஆண்டுதோறும் செய்ய வேண்டுவன

ஒருமுறை புதுப்பித்த கதவுக்குப் பின்னர் ஆண்டுக்கு இருமுறை அரைமணி நேரம் ஒதுக்கினால் போதும். ஐப்பசி மழைக்கு முன் கீல்களுக்கு எண்ணெயிட்டு, அடியில் சேர்ந்த மண்ணையும் சருகையும் அகற்றிவிட வேண்டும். மழைக்குப் பின், தை மாத இறுதியில், குத்தூசிப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அப்போது பலகையின்மேல் சில துளி நீரைத் தெளித்துப் பார்க்கலாம். நீர் முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய் இன்னும் உள்ளது. பரவி உள்ளே ஊறினால் மேலே ஒரு பூச்சு இட வேண்டிய காலம் வந்தது.

வெள்ளம் வருமுன் அணை போடுதலே விவேகம். கதவு சாம்பல் பூத்ததைக் கண்டு அதை விறகுக்குப் போடுபவர் நல்ல மரத்தை இழக்கிறார். உளுப்பை வர்ணத்தால் மூடுபவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார். நீர் தங்கும் இடத்தை அறிந்து அதை அகற்றி, உலர்ந்த மரத்திற்கு எண்ணெய் ஊட்டுபவரின் கதவே அடுத்த கார்த்திகையிலும் நேராக நிற்கும். அதற்குப் பின்னுள்ள தோட்டமும் அவருக்கே பலன் தரும்.